கார்ஸா, எஸ்ஆர்எஸ்ஸா? சாயமில்லாமல் செல்லைப் படமெடுக்கும் இரண்டு வழிகள்

மூலக்கூறில் உள்ள ஒரு வேதிப்பிணைப்பு எந்த அதிர்வெண்ணில் அதிர்கிறது என்று தெரிந்தால் அது கொழுப்பா, புரதமா என்று சொல்லிவிடலாம். 1928-இல் சி.வி. ராமன் கண்டறிந்த ஒளிச்சிதறல் தரும் வசதி இது. சாயமே வேண்டாம். ஆனால் சிதறி வரும் ஒளி மிகச் சொற்பம். புள்ளிக்கு ஒரு நொடி என்று வைத்தாலும், 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட ஒரு படத்துக்கு மூன்று நாள் பிடிக்கும். அதற்குள் செல் செத்துவிடும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க வந்த இரண்டு ராமன் முறைகள்தான் கார்ஸும் (CARS, coherent anti-Stokes Raman scattering) எஸ்ஆர்எஸ்ஸும் (SRS, stimulated Raman scattering). இரண்டிலும் பம்ப், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு லேசர் கற்றைகளைச் சேர்த்துக் குவிக்கிறார்கள். இரண்டின் அதிர்வெண் வித்தியாசம் பிணைப்பின் அதிர்வோடு பொருந்தினால், குவியத்தில் உள்ள அத்தனை பிணைப்புகளும் ஒரே தாளத்தில் ஆடும். கொழுப்பின் சிஎச்2 பிணைப்புக்கு 2845 செ.மீ.⁻¹ (நிறமாலையில் அதிர்வெண்ணைக் குறிக்கும் அலகு) தேவை. ஸ்டோக்ஸ் 1064 நானோமீட்டர் என்றால் பம்ப் 817. இதுவரை இரண்டு முறைகளும் ஒன்றுதான். எதை அளக்கிறோம் என்பதில்தான் பிரிகின்றன.

கார்ஸில் புதிதாக ஒரு நிறம் பிறக்கிறது. மேற்சொன்ன கணக்கில் அது 663 நானோமீட்டர், சிவப்பு. அனுப்பிய இரண்டு நிறங்களையும் வடிகட்டியால் தடுத்துவிட்டு இதை மட்டும் ஃபோட்டோமல்டிப்ளையர் என்ற, மெல்லிய ஒளியையும் உணரும் கருவியில் பிடித்தால் படம் தயார். 1982-லேயே செய்து காட்டிய முறை. 1999-இல் சன்னி ஷீயின் குழு இரண்டு கற்றைகளையும் ஒரே கோட்டில் குவித்த பிறகுதான் பரவியது.

சரி, தொல்லை எங்கே? சுற்றியுள்ள தண்ணீரும் அடியில் உள்ள கண்ணாடியும்கூட அதே 663-இல் கொஞ்சம் ஒளி தரும். இதைத்தான் பின்னணி என்பார்கள். அது வெறுமனே கூடினால் கழித்துவிடலாம். இது நாம் தேடும் அலையோடு குறுக்கிட்டு, நிறமாலை உச்சத்தை நகர்த்தி, பக்கத்தில் ஒரு பள்ளத்தையும் தோண்டிவிடும். போதாததற்கு, மூலக்கூறுகளின் செறிவு மிகுந்த இடத்தில் கார்ஸ் ஒளி அந்தச் செறிவின் வர்க்கத்தோடு ஏறும். குறைந்த இடத்தில் ஏறக்குறைய நேர்விகிதத்தில். படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அந்தப் பளிச்சுக்கு என்ன எண் என்று கேட்டால் கார்ஸ் மழுப்பும்.

எஸ்ஆர்எஸ்ஸில் புதிய நிறம் கிடையாது. பம்ப் கொஞ்சம் இழக்கிறது, ஸ்டோக்ஸ் அதைப் பெறுகிறது. அந்த இழப்பு பெரும்பாலும் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதனால் ஸ்டோக்ஸை நொடிக்குப் பல மில்லியன் முறை அணைத்து ஏற்றி, அதே தாளத்தில் பம்பில் தெரியும் நடுக்கத்தை லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் பொறுக்கி எடுக்கும். பலன் பெரிது: நிறமாலை சாதாரண ராமனை ஒத்திருக்கும், சமிக்ஞை செறிவுக்கு நேர்விகிதம். 2008-இல் இது வந்ததும் பல ஆய்வகங்கள் கார்ஸைவிட்டு இந்தப் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை. இதற்குக் கொடுக்கும் விலை, லேசர் இரைச்சலில்லாமல் இருக்க வேண்டும். இரைச்சல் மிகுந்த ஃபைபர் லேசரில் அந்த இரைச்சலைக் கழித்துவிடும் சமன்செய்யும் கண்டறிவான் இல்லாமல் காலம் தள்ள முடியாது.

‘எஸ்ஆர்எஸ்ஸில் பின்னணியே இல்லை’ என்று சிலர் சொல்வதும் கொஞ்சம் மிகைதான். ஹீமோகுளோபின் போன்ற நிறமிகள் இரண்டு ஃபோட்டான்களை ஒன்றாக விழுங்கி, ராமன் போலவே நடிக்கும். உச்சத்திலிருந்து விலகி இன்னொரு படம் எடுத்து ஒப்பிடாமல் நான் எந்த எஸ்ஆர்எஸ் படத்தையும் நம்புவதில்லை.

அப்புறம் ஒரு வேடிக்கை. கார்ஸின் அந்தப் பாழாய்ப்போன பின்னணியே, பல அதிர்வெண்களை ஒரே வீச்சில் எடுக்கும் அகலப்பட்டை கார்ஸில் உதவிக்கு வருகிறது. மூலக்கூறுகளை அடையாளம் காட்டும் ‘கைரேகைப் பகுதி’ என்ற நிறமாலைப் பகுதியின் மெலிந்த உச்சங்களோடு அது குறுக்கிட்டு அவற்றைத் தூக்கிக் காட்டும். பிறகு கணக்குப் போட்டு உண்மையான நிறமாலையை மீட்கலாம். புள்ளிக்குச் சில மில்லிநொடியில் முழு நிறமாலை கிடைக்கும். எஸ்ஆர்எஸ்ஸில் அத்தனை அகலத்தை ஒரே வீச்சில் எடுப்பது இன்னும் பாடுதான்.

ஆக, ஓரிரண்டு உச்சங்களின் அளவு வேண்டுமென்றால் எஸ்ஆர்எஸ். என்ன இருக்கிறதென்றே தெரியாத மாதிரிக்கு அகலப்பட்டை கார்ஸ். கொழுப்புத் துளிகள் எங்கே என்று பார்க்க மட்டும் என்றால் பழைய கார்ஸே தாராளம். எஸ்ஆர்எஸ்ஸுக்கும் பழைய கார்ஸுக்கும் லேசரும் நுண்ணோக்கியும் பொது என்பதால், கண்டறிவானை மாற்றி ஒரே மேசையில் இரண்டையும் ஓட்டலாம்.