மூச்சுப் பயிற்சியா, மணல் நடையா, படுக்கையா? கீமோ காலத்துக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

மண்டபமோ பாம்பனோ கீழக்கரையோ, ஒரு வீட்டில் புற்றுநோய்க்குக் கீமோ தொடங்கிவிட்டால் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு யோசனையோடு வருகிறார்கள். சித்தப்பா பிராணாயாமம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா பலூன் ஊதச் சொல்கிறார். விடியற்காலையில் கடற்கரை மணலில் நடந்தால் உப்புக்காற்று நெஞ்சைச் சுத்தம் செய்துவிடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். "பாவம், பேசாமல் படுத்திருக்கட்டும்" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறார் அப்பத்தா. அன்பில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் இந்த யோசனைகள் ஒரே வேலையைச் செய்பவை அல்ல.

படுக்கையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் ஜெயிப்பது அதுதான். 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் ஆரோக்கியமான 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மறுபடி அளந்தபோது, முப்பது வயது கூடியதால் குறைந்த உடல்திறனைவிட அந்த மூன்று வாரப் படுக்கையில் குறைந்ததே அதிகம் என்று தெரிந்தது. நோயில்லாத வாலிபர்களுக்கே அந்தக் கதி. கீமோ ஏறிய இரண்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதில் தவறில்லை, உடல் கேட்கிறது. அடுத்த ஊசிவரை அதையே நீட்டினால், சோர்வு தீராமல் படுக்கையே புதிய சோர்வைக் கொண்டுவருகிறது.

சிகிச்சையில் இருப்பவருக்கு மூச்சு வாங்கினால் எல்லாரும் நுரையீரலைத்தான் சந்தேகிக்கிறார்கள். சில நேரம் அது சரி. நெஞ்சில் கதிர்வீச்சு முடிந்து சில வாரமோ சில மாதமோ கழித்து வறட்டு இருமலும் இரைப்பும் வரலாம். பிளியோமைசின் என்ற மருந்து நுரையீரலைப் புண்ணாக்கக்கூடியது. ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கியிருந்தாலும் மூச்சு வாங்கும். நோயாளிகள் 'சிவப்பு மருந்து' என்று சொல்லும் டாக்சோரூபிசின் இதயத்தைத் தளர்த்தியிருந்தாலும் வாங்கும். தொடைத் தசை கரைந்துபோனவருக்கு வாசற்படி ஏறினாலே வாங்கும். இவற்றை மூச்சை இழுத்து விடுவதால் மட்டும் சரிசெய்ய முடியாது.

அப்படியானால் மூச்சுப் பயிற்சி வீணா? இல்லை. எந்த மூச்சுப் பயிற்சி, எதற்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் போகிறவர் கையில் மூன்று பந்துக் கருவியைக் கொடுத்து அனுப்புவார்கள். மூன்று பந்துகளும் 600, 900, 1200 (நொடிக்கு இத்தனை மில்லிலிட்டர் காற்று) என்று குறித்த அறைகளில் ஏறும். ஊரில் இதற்கு 'ஊதுகிற கருவி' என்றே பெயர் விழுந்துவிட்டதால் பலரும் உள்ளே காற்றை ஊதுகிறார்கள். உறிஞ்ச வேண்டிய கருவி அது. மெதுவாக இழுத்து, பந்தைச் சில நொடி மேலே நிறுத்த வேண்டும். இதில் என் சாய்வு கருவியைவிடப் பயிற்சியின் பக்கம்தான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று அறுவைக்குக் காத்திருந்த 441 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் கண்விழித்ததிலிருந்து ஒவ்வொரு மணி நேரமும் எப்படி ஆழமாக மூச்சிழுக்க வேண்டும் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்கூட்டியே ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். நுரையீரல் சிக்கல்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. ஆகவே அறுவைக்கு முன் அந்த அரை மணி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பிராணாயாமத்தில், ஒரு நாசியால் இழுத்து மறு நாசியால் விடும் மெதுவான நாடிசுத்தி பதற்றத்தைத் தணிக்கும், தூக்கத்துக்கும் உதவும். கபாலபாதி, பஸ்திரிகா போல வயிற்றை வேகமாக உதறும் பயிற்சிகளை, புதிய தையல் உள்ளவர்களும் எலும்புக்கு நோய் பரவியவர்களும் விட்டுவிட வேண்டும். பலூன் ஊதுவதும், ராமேஸ்வரத்துக் கடையில் வாங்கிய சங்கை ஊதுவதும் அதே ரகம்தான்: நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் ஏற்றுபவை. மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

மூச்சு வாங்குகிற அந்த நேரத்தில் கைகொடுப்பது வேறு. முன்னால் குனிந்து முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்குச் சுடர் அணையாமல் ஆடும் அளவுக்கு மெல்ல வெளியே விட வேண்டும். கூடவே முகத்துக்கு விசிறி. கன்னத்திலும் மூக்கைச் சுற்றியும் காற்றுப் பட்டால் மூச்சுத்திணறல் உணர்வு குறைகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதற்குச் சிறிய மின்விசிறியைக் கையில் கொடுத்தார்கள். நம் பக்கத்துப் பனையோலை விசிறிக்கு மின்சாரம்கூட வேண்டாம்.

இனி நடை. ஒருவருக்கு ஒன்றைத்தான் செய்யத் தெம்பு இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வாரம் மூன்று நாள், நாளுக்கு அரை மணி நேரம், மிதமான வேகம் என்பது 2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு வெளியிட்ட அளவு. அரை மணியை மூன்று பத்து நிமிடங்களாக உடைத்துக்கொள்ளலாம். நடக்கும்போது முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. வேகம் சரி என்பதற்கு அதுவே அளவு. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடந்து 2025-இல் வெளிவந்த ஆய்வில், மூன்றாண்டு முறைப்படி உடற்பயிற்சி செய்தவர்களில் 80 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பிறகும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கையேடு மட்டும் பெற்றவர்களில் அது 74. கீமோ முடிந்த பின் கிடைத்த பலன் இது. கீமோ ஓடும்போது நடப்பதில் உறுதியாகக் கிடைப்பது சோர்வு குறைவதும் தெம்பு காப்பதும்.

எங்கே நடப்பது? அரியமான் கடற்கரை மணல் அழகுதான். ஆனால் மணலில் நடக்கக் கெட்டித் தரையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் செலவாகிறது. ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு அது நடை அல்ல, மலையேற்றம். பேக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்துகள் போட்டவர்களுக்குப் பாதம் மரத்துப்போகலாம்; அப்படி மரத்திருந்தால், சிப்பி கிழித்ததும், வெயில் ஏறிய மணல் சுட்டதும் ரத்தத்தையோ கொப்புளத்தையோ பார்த்த பிறகுதான் தெரியும். பாம்பன் சாலைப் பாலத்தில் காற்று பிரமாதம். ஆனால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலத்தின் நடுவில் கால் சோர்ந்தால் வந்த தூரம் அத்தனையும் திரும்ப நடக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் லாரிகள் விடாது. மிஞ்சுவது வீட்டைச் சுற்றிய தெருதான்: ஒரு சுற்று, முடிந்தால் இன்னொன்று, எங்கே நின்றாலும் ஒரு திண்ணை பக்கத்தில். செருப்போடு, சூரியன் சுடுவதற்கு முன். ஐப்பசி மழையில் கூடத்துக்குள்ளேயே.

தசைக்கும் வாரம் இரண்டு நாள் வேலை வேண்டும். இங்கே தண்ணீர் தூக்கிப் பழகிய பெண்கள் கேட்கிற கேள்வி, குடம் தூக்கலாமா என்பது. மார்பக அறுவையில் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்த பிறகு அந்தக் கையால் எதையும் தூக்கவே கூடாது என்ற பழைய பேச்சை, 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அசைத்துவிட்டது. மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கிய பெண்களுக்குக் கைவீக்கம் கூடவில்லை. அந்தச் 'சிறிது சிறிதாக' என்பதுதான் குடத்தில் கிடையாது. நிறைகுடம் எடுத்த எடுப்பில் 12 கிலோவுக்கு மேல். அரை லிட்டர் பாட்டிலில் தொடங்குங்கள். காலுக்கு, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது போதும்.

கடலில் இறங்குவது, கடற்பாசி எடுக்கப் போவதைப் போல மூச்சடக்கி முங்குவது, இரண்டும் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். வெள்ளணு குறைந்த உடம்புக்குச் சிறு கீறல் வழியே கடல்நீரிலிருந்து ஏறும் கிருமி ஆபத்தானது.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடையும் இல்லை, பயிற்சியும் இல்லை, உடனே மருத்துவமனை. திடீரென்று மூச்சு வாங்கி, ஒரு கால் மட்டும் வீங்கினால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ஊசி போடப் போகிறவர்கள் பஸ்ஸில் மணிக்கணக்கில் அசையாமல் உட்காருகிறார்கள். கணுக்காலையாவது மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே போகலாம். மருத்துவரிடம் "மூச்சு வாங்குகிறது" என்று மட்டும் சொல்லாமல், போன ஊசிக்கு முன் தெருவை எத்தனை சுற்று நடந்தேன், இப்போது எத்தனை என்று சொன்னால், எந்தப் பரிசோதனையை எழுதுவது என்று அவர் முடிவெடுக்க எளிதாக இருக்கும்.