எவர்சில்வரா, நிக்கல் சில்வரா? வன்னியில் கிட்டாருக்கு எந்த ஃபிரெட்

கோயில் பாடகர் குழுவில் என்னோடு வாசிக்கும் தம்பி ஒருவன் போன கிழமை கேட்டான். "அண்ணா, என்ரை கிட்டார் ஃபிரெட் எல்லாம் தேஞ்சுபோச்சு. மாத்தினால் ஸ்டெயின்லெஸ் போடுறதா, பழையபடி நிக்கலே போடுறதா?" கொழும்பில் ஒருவன் கேட்டிருந்தால் உடனே பதில் சொல்லியிருப்பேன். கிளிநொச்சியில் இருந்து கேட்டதால் யோசிக்க வேண்டியிருந்தது.

வீணைக்கு மெட்டு எப்படியோ, கிட்டாருக்கு ஃபிரெட் அப்படி: கழுத்தில் தந்திகளுக்குக் கீழே குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி. வீணையில் மெட்டுகளை மெழுகில் பதிக்கிறார்கள். மெழுகை இளக்கித் திரும்பவும் கட்டலாம். கிட்டாரில் மரத்தில் வெட்டிய கோட்டுக்குள் கம்பியை அடித்து இறக்குகிறார்கள். கழற்றும்போது கவனம் பிசகினால் மரம் சிலும்பாகப் பெயர்ந்து வந்துவிடும். அதனால் எந்த உலோகத்தைப் போடுகிறோம் என்பது பல வருடத்துக்கான முடிவு.

நிக்கல் சில்வர் என்பது நாங்கள் ஜெர்மன் சில்வர் என்று சொல்லும் அதே உலோகம். அதில் வெள்ளி துளியும் இல்லை. பெரும்பகுதி செம்பு, சுமார் 18 வீதம் நிக்கல், மிச்சம் துத்தநாகம். ஸ்டெயின்லெஸ் என்பது வீட்டில் சோறு போட்டுச் சாப்பிடுகிற எவர்சில்வரின் இனம்: இரும்பு, அதோடு குறைந்தது 10.5 வீதம் குரோமியம். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் நிக்கல் சில்வர் ஃபிரெட் கம்பி 200 அளவில் நிற்கும், ஸ்டெயின்லெஸ் 300 அளவில் நிற்கும். மற்ற வித்தியாசங்கள் எல்லாம் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன.

தேய்வை எடுத்துக்கொள்வோம். அக்கூஸ்டிக் கிட்டாரில் தடித்த நான்கு தந்திகளின் மேல்சுற்று வெண்கலம், அது மென்மையானது. முதலாவது, இரண்டாவது தந்திகள் வெறும் உருக்குக் கம்பி, நிக்கல் சில்வரைவிடக் கடினமானவை. அதனால் அந்த இரண்டுக்கும் கீழேதான் முதலில் குழி விழும், அதுவும் முதல் மூன்று ஃபிரெட்டில். எங்கள் குழுவில் பாடுகிறவர்களின் சுருதிக்கு ஏற்றபடி இரண்டாவது ஃபிரெட்டில் கேப்போவை (எல்லாத் தந்திகளையும் குறுக்கே அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிவிட்டு ஜி, சி, டி கோர்ட்டுகளை வாசிப்போம். கேப்போ இறுக்கிப் பிடித்திருக்கும் இடத்தில் தேய்வு இன்னும் கூடும். புது ஃபிரெட்டின் உயரமே ஒரு மில்லிமீற்றரும் கொஞ்சமும்தான். குழியைப் போக்க மற்ற ஃபிரெட்டுகளையும் அதே மட்டத்துக்கு அராவவேண்டும். இரண்டு மூன்று தடவை அராவினால் பிறகு விரலுக்கு அகப்பட ஒன்றும் இருக்காது.

ஸ்டெயின்லெஸ்ஸில் இந்தக் கவலை கிட்டத்தட்ட இல்லை. தினமும் வாசிக்கிறவருக்கும் பல வருடம் குழி தெரியாது. கறுக்காது, பச்சை பிடிக்காது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் போலக் குழைக்கிறவர்களுக்கு அது கண்ணாடியில் வழுக்குகிற மாதிரி இருக்கும். நிக்கலும் மினுக்கிய புதிதில் அப்படித்தான்; நாள்போக மங்கி, தந்தி நகரும்போது சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் வாசிக்கிறவர்களுக்கு இது முக்கியம். உப்புக்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த தந்தி நிக்கல் ஃபிரெட்டுக்கு அரம் மாதிரி. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் தந்தியின் மேலும் கீழும் துடைத்துவிட்டால், எந்த ஃபிரெட்டானாலும் ஆயுள் கூடும்.

ஒலியைப் பற்றி நிறையச் சண்டை உண்டு. ஸ்டெயின்லெஸ் கூர்மையாக ஒலிக்கும், காதைக் குத்தும் என்பார்கள். ஒரு நண்பரின் எலெக்ட்ரிக் கிட்டாரையும் என்னுடையதையும் மாறி மாறி வாசித்துப் பார்த்தேன். விரலால் தட்டும் அந்த முதல் கணத்தில் ஏதோ ஒரு மினுக்கம் இருந்தது போல இருந்தது; ஆனால் இரண்டும் வேறு வேறு கிட்டார் என்பதால் அது ஃபிரெட்டின் வேலைதான் என்று சொல்லமாட்டேன். புதுத் தந்திக்கும் ஒரு மாதம் ஓடிய தந்திக்கும் இடையில் கேட்கிற வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஒலிக்காக மட்டும் இதில் காசு போடவேண்டாம்.

இனித்தான் வன்னிக்கான கதை. சில வருடம் முன் என் கிட்டாருக்கு ஸ்டெயின்லெஸ் போடக் கொடுத்தேன். செய்தவர் நிக்கலில் கை தேர்ந்தவர், ஆனால் இந்த உலோகத்தைத் தொட்டதில்லை. ஸ்டெயின்லெஸ் கம்பியை விரல்பலகையின் வளைவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்துவிட்டுத்தான் அடிக்கவேண்டும். இல்லாவிட்டால் நடுப்பகுதி மட்டும் இறங்கி, இரண்டு முனையும் நிமிர்ந்து எழும். என்னுடையதில் அப்படித்தான் எழுந்தது. சாதாரண அரம் அதில் வழுக்கியது, முனைகள் கூராகவே நின்றன. மாரியில் ஊதிய மரம் கோடையில் சுருங்கியபோது அந்த முனைகள் உள்ளங்கையைக் கீறின. நிக்கல் என்றால் நானே ஒரு சின்ன அரத்தால் பத்து நிமிடத்தில் உருட்டியிருப்பேன். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வைர அரம் வேண்டும், பலமான வெட்டுக்குறடு வேண்டும், இரண்டு மடங்கு பொறுமை வேண்டும். கம்பியின் விலையைவிடக் கூலிதான் கூட. கடைசியில் பஸ்ஸில் 300 கிலோமீற்றருக்கு மேல், கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குக் கொண்டுபோய்த்தான் சரிசெய்தேன்.

ஆக, புதுக் கிட்டார் வாங்கும்போது தொழிற்சாலையிலேயே ஸ்டெயின்லெஸ் போட்டு வந்தால் யோசிக்காமல் எடுங்கள். பார்க்கர் ஃபிளை என்ற எலெக்ட்ரிக் கிட்டார் 1993இலேயே அப்படி வந்தது. ஐபனெஸ் நிறுவனத்தின் ஏஇசட் கிட்டார் வரிசை 2018இல் இருந்து அப்படி வருகிறது. திருத்துநர் தூரத்தில் இருக்கிற எங்களுக்கு, திருத்தவே தேவைப்படாத ஃபிரெட் பெரிய உபகாரம். கடையில் ஒவ்வொரு முனையிலும் கையை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஃபிரெட்டிலும் கரகரப்பு இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பிழை இருந்தால் இங்கே கொண்டுவந்து சரிசெய்வது கஷ்டம்.

இருக்கிற கிட்டாருக்கு, அதுவும் ஒரு சாதாரண அக்கூஸ்டிக்குக்கு, மாற்றுவதானால் நிக்கல்தான். யாழ்ப்பாணம் வரை போனால் போதும், பிறகு வருகிற சின்னக் குறைகளை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் ஈவோ என்று பொன்னிறக் கம்பி ஒன்று உண்டு. நிக்கல் கலக்காத செம்புக் கலவை, கடினம் இரண்டுக்கும் இடையில். நிக்கல் பட்டால் தோல் தடிக்கிறவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தம்பியின் கிட்டாரை வாங்கி, ஒரு நேரான இரும்பு அடிமட்டத்தை ஃபிரெட்டுகளின் மேல் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றில் மட்டும்தான் ஆழமான குழி. நான்காவதிலிருந்து பன்னிரண்டு வரை நல்ல உயரம் மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கத் தேவையில்லை, அந்த மூன்றுக்கு மட்டும் அதே அகலத்தில் நிக்கல் போட்டு, மற்றவற்றோடு சமப்படுத்தச் சொல் என்றேன். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவுக்கு அவன் வாசிக்கவேண்டும். அதற்கு முன்னம் யாழ்ப்பாணம் கொண்டுபோகிறான். இந்த முறை பஸ்ஸில் மடியில் வைக்காமல் இருக்க என் கிட்டார்ப் பெட்டியைக் கொடுத்துவிட்டிருக்கிறேன்.