பண்டைய வரலாற்றைக் காணொளியில் கற்பித்தல்: எந்த வகை எதற்கு உதவும்?

மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கணினி வரைகலையில் எழுப்பிக் காட்டும் காணொளி ஒன்றை வகுப்பில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, "சார், அந்தக் கூரை மரத்தில்தான் இருந்தது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, காணொளியிலும் இல்லை. அகழாய்வில் கிடைத்தது ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு செங்கல் தொட்டி. அதன் இரு முனைகளிலும் இறங்கும் படிகள் இருக்கின்றன, நீர் கசியாதிருக்கச் சுவரில் நிலக்கீல் பூசப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றித் திரையில் எழுந்து நின்ற கூரையும் தூண்களில் பூசிய வண்ணமும் வரைகலைஞரின் ஊகம். ஆனால் கிடைத்த செங்கல்லும் ஊகித்த மரமும் திரையில் ஒரே மெருகோடு, ஒரே வெயிலில் பளபளத்தன. எது கிடைத்தது, எது கற்பனை என்று பிரித்துப் பார்க்க மாணவர்களுக்கு வழியே இருக்கவில்லை.

அன்றிலிருந்து வரலாற்றுக் காணொளி எதையும் நான் அந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன். பழங்காலம் எப்படி இருந்தது என்று மட்டும் காட்டுகிறதா, அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதையும் காட்டுகிறதா என்பதே அந்த அளவுகோல். வகுப்பறைக்கு வரும் காணொளிகளில் பின்னணிக் குரலோடு கூடிய ஆவணப்படம், நடிகர்களை வைத்து எடுக்கும் நாடகப் பாணிப் படம், முப்பரிமாண மறுஉருவாக்கம், ஒரு தொல்பொருளையோ கைத்தொழிலையோ அருகிலிருந்து பதிவு செய்த எளிய படம், மாணவர்களே எடுக்கும் படம் ஆகியவை முக்கியமானவை. இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து மதிப்பெண் போட முடியாது. என்றாலும் எனக்கு ஒரு சார்பு உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

ஆவணப்படத்தின் பலம் அதன் ஒழுங்கு. காலவரிசை, நிலப்படம், அறிஞரின் நேர்காணல், அகழாய்வுக் குழியின் காட்சி ஆகியவற்றைக் கோத்துத் தருவதால், ஒரு நாகரிகத்தை முதன்முதலாகச் சந்திக்கும் மாணவருக்கு அது நல்ல வாசலாக அமையும். அதன் பலவீனமும் அந்தக் கோவையிலேயே இருக்கிறது. கணீரென்ற குரல் எல்லாவற்றையும் முடிந்த முடிவாகச் சொல்லிவிடும். ஆய்வு நகர்ந்த பின்னும் படம் நகராது. பண்டைய ரோமானிய நகரான பொம்பேயை எடுத்துக்கொள்வோம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து அந்நகரைச் சாம்பலில் மூடிய நாள் ஆகஸ்ட் 24 என்றே பழைய படங்கள் ஐயமின்றிச் சொல்கின்றன. 2018இல் அங்கே ஒரு வீட்டுச் சுவரில் கண்டெடுக்கப்பட்ட கரிக்கட்டி எழுத்து, அக்டோபர் நடுப்பகுதித் தேதி ஒன்றைக் குறித்ததால், பேரழிவு இலையுதிர் காலத்தில் நிகழ்ந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அதே நகரில், உடல்கள் மக்கிப்போய்ச் சாம்பலில் எஞ்சிய வெற்றிடங்களில் சுண்ணச்சாந்தை ஊற்றி வார்ப்பெடுக்கும் முறையை 1863இல் தொல்லியலாளர் ஜுசெப்பே ஃபியோரெல்லி தொடங்கிவைத்தார். அப்படி எடுத்த வார்ப்புகளில் ஒன்று, மடியில் குழந்தையுடன் இறந்த தாய் என்று நெடுங்காலம் உருக்கமாக விவரிக்கப்பட்டது. 2024இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அந்தப் பெரியவர் ஓர் ஆண் என்றும் குழந்தைக்கு இரத்த உறவே இல்லாதவர் என்றும் காட்டியது. 'தாயும் சேயும்' என்று குரல் தழுதழுக்கும் ஆவணப்படத்தை இன்றும் வகுப்பில் போடலாம். ஆனால் அந்த இடத்தில் நிறுத்தி, இந்த உருக்கம் எதை நம்பி உண்டானது என்று கேட்கத் தெரிந்த ஆசிரியர்தான் போட வேண்டும்.

நீளமும் ஒரு சிக்கல். எட்எக்ஸ் இணையவழிப் பாடங்களில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை அலசி 2014இல் வெளியான ஆய்வு, காணொளி எவ்வளவு நீண்டதாக இருந்தாலும் பார்வையாளர் ஈடுபடும் இடைநிலை நேரம் 6 நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டது. அவர்கள் தனியே அமர்ந்து பார்த்த இணையக் கற்போர். நாற்பது பேர் சேர்ந்து உட்காரும் வகுப்பறைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் ஐம்பது நிமிடப் படத்தை முழுதாக ஓடவிட்டு வருகைப் பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் பழக்கத்துக்கு (நானும் செய்திருக்கிறேன்) அது நல்ல கொட்டு. ஆவணப்படத்திலிருந்து ஆறேழு நிமிடத்தை வெட்டி எடுத்துக்கொள்வதே போதும்.

நாடகப் பாணிப் படத்தைப் பற்றித்தான் எனக்கு அச்சம் அதிகம், ஏனெனில் அது நன்றாக வேலை செய்கிறது. மனத்தில் நிற்கும் ஆற்றலில் அதற்கு ஈடான வகை வேறில்லை. உளவியலாளர்கள் ஆண்ட்ரூ பட்லர், ஹென்றி ரோடிகர் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், வரலாற்றுக் கட்டுரையைப் படித்ததோடு அதே நிகழ்வைப் பற்றிய திரைப்படப் பகுதியையும் பார்த்தவர்கள், கட்டுரையோடு ஒத்துப்போகும் செய்திகளைக் கணிசமாகக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். படம் கட்டுரைக்கு முரண்பட்ட இடங்களிலோ, கட்டுரையில் சரியான செய்தியைப் படித்திருந்தும், படத்தின் தவறையே விடையாக எழுதினார்கள். சில நிலைகளில் பாதியளவு விடைகள் அப்படி அமைந்தன. 'படங்களில் பிழை இருக்கும், கவனம்' என்ற பொதுவான எச்சரிக்கை பெரிதாகப் பயன்படவில்லை. எந்த இடத்தில் எது தவறு என்று குறிப்பாகச் சொன்னபோதுதான் பிழை வெகுவாகக் குறைந்தது.

சவுக்கடிக்கு நடுவே கற்களை இழுக்கும் அடிமைகளைக் கிசா பிரமிடோடு சேர்த்துக் காட்டும் காட்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரமிடுக்கு அருகே அகழப்பட்ட தொழிலாளர் குடியிருப்பும், அவர்களுக்கென எழுப்பப்பட்ட கல்லறைகளும் அவர்கள் அடிமைகள் அல்லர் என்ற வேறு கதையைச் சொல்கின்றன. 2013இல் செங்கடற்கரையில் வாடி அல்ஜர்ஃப் என்னுமிடத்தில் எகிப்தியலாளர் பியர் தல்லே குழுவினர் கண்டெடுத்த பாப்பிரஸ் ஏடுகளில், மெரெர் என்ற மேற்பார்வையாளர் தம் குழுவினர் தூரா சுரங்கத்திலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக்கல் கொண்டுசென்றதை நாள்வாரியாகக் குறித்திருக்கிறார். நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட வேலைக் குறிப்பேடு அது. சவுக்கடிக் காட்சியைப் போட்டே ஆக வேண்டுமென்றால், எந்த நொடியில் எது தவறு என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, மெரெரின் குறிப்பை அருகில் வைத்துப் படிக்கச் சொல்லலாம். அந்த உழைப்புக்கு நேரமில்லாதவர்கள் இவ்வகையை விட்டுவிடுவதே நல்லது.

முப்பரிமாண மறுஉருவாக்கத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ஒரு நகரின் தரைப்படத்தைப் பாடநூலில் பார்த்து அதன் தெருவில் நடப்பதாக எண்ணிக்கொள்ளும் திறன் பெரும்பாலான மாணவர்களுக்கு இல்லை, பெரியவர்களுக்கும் இல்லை. சுவர் எவ்வளவு உயரம், வெளிச்சம் எங்கிருந்து வரும், இரண்டு வீடுகளுக்கு நடுவே வண்டி போகுமா என்பதையெல்லாம் இரண்டு நிமிட வரைகலை உடலால் உணரவைத்துவிடும். குறை, தொடக்கத்தில் சொன்னதுதான்: ஊகம் ஊகமாகத் தெரிவதில்லை. இத்துறையினருக்கே இந்தக் கவலை உண்டு. பண்பாட்டு மரபைக் கணினியில் காட்சிப்படுத்துவோருக்காக 2006இல் உருவான இலண்டன் சாசனம், எது சான்று, எது கருதுகோள் என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று வலியுறுத்துகிறது. ஆகவே இவ்வகையில் தேர்ந்தெடுக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. இன்று எஞ்சியிருக்கும் இடிபாட்டின் உண்மைப் படத்தையும் மறுஉருவாக்கத்தையும் ஒரு முறையாவது பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் அந்த இடிபாட்டின் ஒளிப்படத்தை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவில் நொடியில் பிறக்கும் 'பழங்கால நகர்' துணுக்குகள் இந்தச் சோதனைக்கே தகுதியற்றவை; அவற்றின் பின்னால் அகழாய்வு அறிக்கை படித்த மனிதர் ஒருவரும் இல்லாமலிருக்கலாம்.

என் சார்பு எளிய படத்தின் பக்கம். இசை இல்லை, குரல் இல்லை. ஒரு பொருள் மெதுவாகச் சுழல்கிறது, அவ்வளவுதான். மொகஞ்சதாரோவில் கிடைத்த, 17.5 சென்டிமீட்டரே உயரமுள்ள மாக்கல் சிலையை அப்படி மூன்று நிமிடம் காட்டி, பெயரைச் சொல்லாமல், பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னேன். மேலாடையில் மூவிலை வடிவங்கள், நெற்றியில் பட்டை, அதில் வட்ட அணி, ஒரு தோள் திறந்திருக்கிறது, மேலுதட்டில் மீசை இல்லை, காதுக்குக் கீழே துளை, கீழ்ப்பகுதி உடைந்திருக்கிறது என்று பட்டியல் நீண்டது. அந்தத் துளை எதற்கு என்பதில் கால்மணி நேரம் வாக்குவாதம். கழுத்தணி கோக்க என்றது ஒரு கட்சி, தனியாகச் செய்த தலையணியைப் பொருத்த என்றது இன்னொரு கட்சி. அதன் பிறகுதான் இதை 'பூசாரி அரசன்' என்று அழைக்கிறார்கள் என்று சொன்னேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது, பிறகு ஒருவன், "இதில் அரசன் எங்கே இருக்கிறான்?" என்றான். சிந்து எழுத்துகள் இன்னும் வாசிக்கப்படவில்லை, அந்தச் சிலை பூசாரியென்றோ அரசனென்றோ சொல்லும் சான்று எதுவும் இல்லை, அது பின்னால் வந்தவர்கள் இட்ட பெயர் என்பதை நான் விளக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. அவனே அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். எந்த ஆவணப்படக் குரலும் இதைச் செய்திருக்காது. குறை என்னவென்றால், இவ்வகைப் படத்தில் காலமும் சூழலும் தாமாக வராது. அவற்றை ஆசிரியரே கொண்டுவர வேண்டும். பாடத்தில் பிடிப்பில்லாத ஆசிரியரின் கையில் இது மூன்று நிமிட மௌனமாகவே முடியும்.

உயிரோடிருக்கும் மரபைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. பெருவில் அபுரிமாக் ஆற்றின் மேல் இன்கா மரபில் புல்லைத் திரித்துக் கட்டும் கேஸ்வசாக்கா தொங்குபாலத்தை, அருகிலுள்ள சமூகத்தினர் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்கள். அந்த அறிவும் சடங்கும் 2013இல் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. புல் எப்படிக் கயிறாகிறது என்பதைப் பத்துப் பக்கம் எழுதினாலும் விளங்காது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே புல் முறுக்கேறுவதை வெட்டாமல், விரைவாக்காமல் ஒரு நிமிடம் காட்டினால், பார்க்கும் மாணவரின் கைகள் தாமாகவே அசையத் தொடங்கிவிடும். ஒரு கட்டுச் சணலை மேசையில் வைத்திருந்தால் மீதிப் பாடம் அதிலேயே நடக்கும்.

மாணவர்கள் தாங்களே எடுக்கும் காணொளி இன்னொரு கோடி. படத்தின் தரம் சுமார்தான், ஒலி இன்னும் மோசம். ஆனாலும் ஒரு காட்சியை வைப்பதற்கு முன் 'இது எங்கே இருக்கிறது, யார் சொன்னார்?' என்று தேட வேண்டிய கட்டாயம் அவர்கள் தலையிலேயே விழுகிறது. பெருங்குளத்தைப் பற்றி ஒரு குழு மூன்று நிமிடப் படம் எடுத்தது. செங்கல் தொட்டியையும் படிகளையும் கறுப்பு மையில் வரைந்திருந்தார்கள். கூரையைப் பென்சில் புள்ளிக்கோட்டில் விட்டிருந்தார்கள். ஏன் என்று குரல் கொடுத்து விளக்கியது, கூரையைப் பற்றிக் கேட்ட அதே மாணவி. அந்த மூன்று நிமிடத்துக்கு இரண்டு வாரம் செலவானது, அதற்குள் பாடத்திட்டத்தில் இரண்டு பாடம் பின்தங்கிவிட்டோம். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் என்னால் இதைச் செய்ய முடிவதில்லை. மற்ற நாட்களில் சுழலும் சிலையும், ஆவணப்படத்திலிருந்து வெட்டிய ஆறு நிமிடமும்தான்.