கோவை விசா ஆபீஸுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆஸ்திரேலியா விசா கிடைத்துவிட்டது, அதனால் வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் அது இந்த ஆபீஸால் கிடைக்கவில்லை. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் கட்டிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தபோது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

நான் குன்னூர். டீசல் மெக்கானிக், லாரி பஸ் வேலை. கல்லட்டியின் 36 வளைவுகளிலும் மேட்டுப்பாளையம் மலைப்பாதையிலும் பிரேக் டிரம் புகைய வந்து நிற்கும் வண்டிகளுக்கு அடியில் படுத்தே வயது 38 ஆகிவிட்டது. வேலை தெரியும், பேப்பர் வேலை தெரியாது. அதற்குத்தானே காசு கொடுத்து ஆள் பிடிக்கிறோம் என்று மலையிறங்கிப் போனேன்.

ஆபீஸ் நன்றாக இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஏசி, காபி, சுவரில் கங்காரு படம், "இரண்டே வருடத்தில் பிஆர் கேரண்டி" என்று ஒரு பேனர். பிஆர் என்றால் அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை. மேனேஜர் பத்து நிமிடம் பேசினார், ஒன்றரை மணி நேரம் மலைப்பாதையில் வந்த களைப்பு போயே போய்விட்டது. அன்றைக்கே பிஆர் பேக்கேஜுக்கு 1,10,000 ரூபாய் பேசி, இரண்டு தவணையில் கட்டினேன்.

அந்தப் பணத்துக்கு என்ன செய்தார்கள் என்றால், ஸ்கில்செலக்ட் என்கிற ஆஸ்திரேலிய அரசாங்கத் தளத்தில் விருப்ப மனு ஒன்றைப் போட்டார்கள். அதைப் போட ஒரு பைசா கட்டணம் கிடையாது, நாமே வீட்டில் உட்கார்ந்து போடலாம். சரி, போட்டதாவது பயன்பட்டதா? அங்கே போதுமான புள்ளி சேர்ந்தால்தான் கூப்பிடுவார்கள். என் வயதுக்கு 25 புள்ளி, ஐடிஐ படிப்புக்கு 10, ஆஸ்திரேலியாவுக்கு வெளியே எட்டு வருடத்துக்கு மேல் அனுபவம் என்ற கணக்கில் 15, ஐஇஎல்டிஎஸ்ஸில் எல்லாவற்றிலும் 6 என்றால் ஆங்கிலத்துக்குப் பூஜ்யம். கூட்டினால் 50. குறைந்தபட்சம் வேண்டியது 65. 491 என்ற விசாவுக்கு ஏதாவது ஒரு மாநிலம் நம்மைத் தேர்ந்தெடுத்தால் 15 சேர்ந்து சரியாக 65 வரும், அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இந்தக் கூட்டல் கணக்கை என் பொண்ணு கால்குலேட்டர் இல்லாமல் போட்டுவிட்டாள். பணம் வாங்குவதற்கு முன் மேனேஜர் போட்டிருக்கலாம்.

ஐந்து மாதம் ஒன்றும் நடக்காமல் போய் நச்சரித்ததும் அடுத்த பேக்கேஜை எடுத்தார். ஸ்பான்சர் பேக்கேஜ், அதாவது அங்கே ஒரு கம்பெனியே நம்மை வேலைக்கு எடுத்து விசாவுக்குப் பொறுப்பேற்கும் வழி, ஆறு லட்சம். "கம்பெனிக்காரனுக்குக் கொடுக்க வேண்டிய காசு சார், எங்களுக்கு இதில் ஒன்றும் நிற்காது" என்றார். நல்லவேளை என்னிடம் ஆறு லட்சம் இல்லை.

இதற்கிடையில் என்னோடு முன்பு வேலை பார்த்த கூடலூர்க்காரன் ஒருவன் குவீன்ஸ்லாந்தில் டூவூம்பா பக்கம் இருக்கிறான். அவன் தன் முதலாளியிடம் என்னைப் பற்றிச் சொல்லி, வீடியோ காலில் பேச வைத்தான். ஸ்பான்சர் காசு எவ்வளவு என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும் அந்த மனுஷன் பதறிப்போய்விட்டார். ஸ்பான்சராக அனுமதி வாங்க 420 ஆஸ்திரேலிய டாலர், ஆளை நாமினேட் செய்ய 330 டாலர், அப்புறம் பயிற்சி நிதி வரி, அவரைப் போன்ற சின்ன பட்டறைக்கு வருடத்துக்கு 1,200 டாலர். இது எல்லாம் முதலாளி தலையில்தான், அந்த வரியைத் தொழிலாளியிடம் வசூலிக்கவே கூடாது. ஸ்பான்சர்ஷிப்பைக் காசுக்கு விற்பதற்கும் வாங்குவதற்கும் அங்கே 2015 முதல் சட்டப்படி தடை. நான் ஆறு லட்சம் கொடுத்திருந்தால் பணமும் போய் நானும் மாட்டியிருப்பேன். என் பங்கு விசா கட்டணம், தலைக்கு 3,000 டாலருக்கு மேல், அதுவே எனக்கு நாக்குத் தள்ளியது.

அந்த முதலாளி உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட 28 நாள் விளம்பரம் போட்டார், வருடச் சம்பளம் 76,515 டாலருக்குக் குறையக் கூடாது என்ற 2025-26 விதியைக் காட்டித்தான் சம்பளமே பேசினார். இதில் எந்த வேலையையாவது கோவையிலிருந்து யாராவது செய்ய முடியுமா? முடியாது. அப்புறம் எதற்கு ஆறு லட்சம்?

பெரிய சிக்கல் என் பக்கம்தான் இருந்தது, அனுபவச் சான்று. எங்கள் பட்டறையில் சம்பளச் சீட்டு என்ற ஒன்றே கிடையாது, சனிக்கிழமை சாயங்காலம் கையில் ரொக்கம். கோவை ஆபீஸ் சொன்ன வழி, திருப்பூரில் ஏதோ ஒரு கம்பெனி லெட்டர்பேடில் ஐந்து வருட அனுபவம் வாங்கித் தருகிறோம், 25,000. இதைப் படிக்கிற யாருக்கும் இப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய் ஆவணம் என்று கண்டுபிடித்தால் 4020 என்ற விதியில் விசாவை மறுத்து மூன்று வருடம் பெரும்பாலான விசாக்களுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

என்னைக் காப்பாற்றியது கொரோனா. ஊரடங்குக்கு அப்புறம் எங்கள் முதலாளி ஜிபேயில் சம்பளம் போட ஆரம்பித்தார், அது முழுவதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருந்தது. அதோடு ஸ்பேர் பார்ட்ஸ் பில்களில் என் கையெழுத்து, இரண்டு பஸ் ஓனர்களின் கடிதம். முதலாளி கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது, "ஏப்பா, நீயும் போயிட்டா கிளட்ச் பிளேட்டை நானா கழட்டுறது?" என்று கேட்டார், கேட்டுக்கொண்டே போட்டார். 2024 டிசம்பர் 7 முதல் முதலாளி ஸ்பான்சர் செய்யும் இந்த 482 விசாவுக்கு ஐந்து வருடத்தில் ஒரு வருட அனுபவமே போதும் என்று விதி மாறிவிட்டது. அதற்கு முன் இரண்டு வருடம் கேட்டார்கள். மேனேஜருக்கு இது தெரியவே இல்லை.

திறன் மதிப்பீட்டுக்கு வீடியோவில் நேர்காணல். அன்றைக்குப் பார்த்து மழை, கரன்ட் இல்லை, பக்கத்து பேக்கரியின் இன்வெர்ட்டரில் உட்கார்ந்து பேசினேன். ஏற்றிய லாரி நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் எங்கே பார்ப்பாய் என்று கேட்டார்கள். என்னிடமா! டிரம் சூடாகி விரிந்தால் லைனிங் எட்டாது, டிரைவர் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடாமல் மிதித்துக்கொண்டே வந்திருப்பான், ஸ்லாக் அட்ஜஸ்டரை முதலில் பார் என்று அரைகுறை ஆங்கிலத்தில் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

இனி அந்த பிஆர் கேரண்டி. யாராலும் தர முடியாது. அங்கீகாரம் பெற்ற முதலாளியிடம் இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு பிஆர் தரும் 186 விசாவுக்கு அவர் மறுபடி நாமினேட் செய்ய வேண்டும், பொதுவாக வயது 45க்குள் இருக்க வேண்டும், ஆங்கிலத்தில் எல்லாவற்றிலும் 6 வேண்டும். அவருக்கு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு ஆறுதல், வேலை போனால் வேறு ஸ்பான்சர் தேட 180 நாள் தருகிறார்கள், முன்பு இது 60 நாள். முதலாளி மாறினாலும் பழைய இடத்தில் பார்த்த காலம் இப்போது கணக்கில் சேர்கிறது.

எந்த ஆபீஸுக்குப் போனாலும் அங்கே விசா வேலை பார்ப்பவரின் மாரா பதிவு எண்ணைக் கேளுங்கள், மாரா என்பது விசா ஏஜென்ட்டுகளைப் பதிவு செய்யும் ஆஸ்திரேலிய அமைப்பு, ஏழு இலக்கம், ஆஸ்திரேலிய அரசுப் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம். நான் கேட்டதற்கு "எங்க சிட்னி பார்ட்னர்கிட்ட இருக்கு" என்றார்கள், பார்ட்னர் பெயர் கடைசிவரை வரவில்லை. வேலையே வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் அவர் இந்திய எமிகிரேஷன் சட்டப்படி பதிவு செய்த ஏஜென்ட்டாக இருக்க வேண்டும், வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். ஆறு லட்சம் எங்கே, இது எங்கே.

பணம் திரும்பி வந்த கதை சின்னதுதான். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை தாக்கல் கட்டணமும் இல்லை. ஊட்டி வக்கீல் ஒருவர் இதைச் சொல்லி ஒரு நோட்டீஸ் விட்டார், மூன்றாம் வாரம் 60,000 வந்தது. மீதிக்கு அலைய எனக்கு நேரமில்லை.

இரண்டு நட்சத்திரம் எதற்கு என்றால், ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு. என் பழைய பில்களை எல்லாம் தேதிவாரியாக அடுக்கி, ஸ்கேன் செய்து, "அண்ணா, இந்த லெட்டர்பேடு விஷயத்துக்கு மட்டும் ஒத்துக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னது அவர்தான். போன வாரம் போன் செய்தேன், அவர் வேலையை விட்டுவிட்டாராம். அப்படியானால் ஒன்று.