ஆயத்த வேலை ஒப்பந்தப் படிவம்: நடுவர் பிரிவு தேறுமா?

இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் இந்தப் படிவத்தில் சம்பளம், நோட்டீஸ் காலம், ரகசியக் காப்பு எல்லாம் கச்சிதம். கோட்டை விட்டது நடுவர் பிரிவில்தான், அதாவது தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் தனி நடுவர் தீர்ப்பார் என்று சொல்லும் பகுதியில்.

"இரு தரப்பும் சம்மதித்தால் தகராறை நடுவரிடம் அனுப்பலாம்" என்கிறது. அந்த "லாம்" ஒன்றே போதும், பிரிவு படுத்துவிடும். பின்னால் சம்மதம் தேவைப்படும் வாசகம் நடுவர் உடன்பாடே ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே சொல்லிவிட்டது. "அனுப்பப்பட வேண்டும், தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்" என்று மாற்றுங்கள்.

அடுத்த வரி இன்னும் மோசம்: நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரே நடுவராம்! 1996ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 12(5) பிரிவு 2015 திருத்தத்திலிருந்தே அதைத் தடுக்கிறது. அவர் தனியாக வேறொருவரை நியமிக்கவும் முடியாது (உச்ச நீதிமன்றத்தின் பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கு, 2019). இருவரும் ஒப்பும் ஒருவர், ஒப்பாவிட்டால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் நியமிப்பவர் என்று எழுதினால் நிற்கும். அமர்விடம் (நடுவர் விசாரணைக்குச் சட்டப்படி உரிய ஊர்) என்ற கட்டம் காலியாக இருக்கிறது. ஊர் பெயரை மறக்காமல் நிரப்புங்கள்.

முத்திரைக் கட்டணம் குறைந்தால் பிரிவு செத்துவிடாது (உச்ச நீதிமன்றத்தின் 2023 டிசம்பர் தீர்ப்பு). ஆனால் அபராதத்தோடு கட்டிச் சரிசெய்ய வேண்டிவரும்.

படிவம் மூச்சே விடாத விஷயம்: ஊழியர் சட்டப்படி "தொழிலாளி" என்றால், அவருடைய தொழில் தகராறை இந்தப் பிரிவை வைத்துத் தொழிலாளர் நீதிமன்றம் அல்லது தொழில் தீர்ப்பாயத்திடமிருந்து பறிக்க முடியாது. இந்தப் படிவத்தை மேலாளர் மட்டத்துக்கு மட்டும் வாங்கலாம், அதுவும் திருத்திய பிறகு.