வைஃபை ஐபேடா, சிம் ஐபேடா? பயணத்துக்கு எது?

ஊர் சுற்ற ஐபேட் வாங்கப் போகிறவர்கள் முழிப்பது இந்த இடத்தில்தான்.

விலை: சாதாரண ஐபேடில் வைஃபையைவிட சிம் மாடல் சுமார் 15,000 ரூபாய் கூடுதல்.

படம், பாட்டு: இரண்டும் ஒன்றுதான். வீட்டிலேயே டவுன்லோடு செய்துகொண்டால் ரயிலில் நெட் தேவையில்லை.

வழி: இங்கேதான் விஷயமே. வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் கிடையாது. அக்கம்பக்கத்து வைஃபைகளை வைத்துத்தான் இடத்தைக் கணிக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வைஃபைக்கு எங்கே போவது? நீலப் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும். சிம் மாடலில் ஜிபிஎஸ் உண்டு. கூகுள் மேப்ஸில் அந்தப் பகுதியை முன்பே இறக்கி வைத்திருந்தால், டவர் போனாலும் புள்ளி நகரும்.

காரில் மேப் பார்க்க சிம் மாடல். பின்சீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் போட வைஃபையே தாராளம். மிச்சத்துக்குப் பெட்ரோல் போடுங்கள்.