தக்கைச் சட்டையோடு கடலடியில் நடக்கிறார்கள்: ஒரு 149 ரூபாய் ஜூல்ஸ் வெர்ன்

ரயிலில் படிக்கலாம் என்று பிரெஞ்சு நாவலாசிரியர் ஜூல்ஸ் வெர்னின் 'ட்வென்டி தௌசண்ட் லீக்ஸ் அண்டர் த சீ' ஆங்கில மலிவுப் பதிப்பு ஒன்றை 149 ரூபாய்க்கு வாங்கினேன். அட்டை பளபள, உள்ளே சாணித்தாள், எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி. அந்த விலைக்கு அதெல்லாம் போகட்டும். மொழிபெயர்த்தவர் பெயரை எங்கேயும் காணோம், அதுதான் விவகாரம்.

இரண்டாம் அத்தியாயத்திலேயே குட்டு உடைந்தது. கதை சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸ் அமெரிக்காவில் நெப்ராஸ்காவின் 'விரும்பத்தகாத பிரதேசத்தில்' இருந்து திரும்பினாராம். வெர்ன் சொன்னது பேட்லேண்ட்ஸ், அது ஓர் இடத்தின் பெயர்! சரி, இது 1870களில் லூயிஸ் மெர்சியர் என்ற ஆங்கிலப் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்பு. யாருக்கும் காசு தரவேண்டாம் என்பதால் ஆளாளுக்கு அச்சடிக்கிறார்கள். மூலத்தில் கிட்டத்தட்ட கால்வாசியை மனிதர் வெட்டிவிட்டார். மிச்சத்திலும் கூத்துதான். முக்குளிக்கும் உடை 'தக்கைச் சட்டை' ஆகிவிட்டது. அதைப் போட்டால் மிதக்கத்தான் முடியும், இவர்களோ கடலடியில் உலாப் போகிறார்கள். கதையில் வரும் நீர்மூழ்கிக் கப்பல் நாட்டிலஸின் எஃகு தண்ணீரைவிட லேசு, அடர்த்தி 7.8 என்று வரவேண்டிய இடத்தில் 0.7, 0.8. வெர்னோ கணக்குப் போட்டு எழுதுகிற ஆள். (தலைப்பில் வரும் 20,000 லீக் ஆழமில்லை, கடலுக்கடியில் போன தூரம், 80,000 கிலோமீட்டர்.) ஆங்கிலத்தில் அவரை வெகுகாலம் சிறுவர் கதைக்காரராகவே ஒதுக்கி வைத்ததில் இந்த மாதிரி மொழிபெயர்ப்புகளுக்கும் பங்குண்டு.

எனக்கு வயிறெரிந்தது நாட்டிலஸின் கேப்டன் நீமோவின் அறைச் சுவருக்காக. வாஷிங்டன், லிங்கன், அயர்லாந்தின் ஓ'கானல் என்று விடுதலைக்குப் போராடியவர்களின் படங்கள் அங்கே தொங்கவேண்டும், இதில் ஒன்றுகூட இல்லை. மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு மட்டும் நல்லவேளையாகத் தப்பிவிட்டது. காலிடுக்கில் கல்லைப் பிடித்து இறங்கும் குளியாள் மேல் சுறா பாய, நீமோ கத்தியோடு குறுக்கே விழுகிறார், அப்புறம் அவன் கையில் ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டு வந்து, அவன் ஒடுக்கப்பட்ட நாட்டுக்காரன், நானும் அந்த நாட்டான்தான் என்கிறார். 'மர்மத் தீவு' நாவலில்தான் இதற்கு விடை: நீமோ புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், 1857 கிளர்ச்சியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றவர். அந்தச் சுவரைப் பார்க்காதவனுக்கு இது எங்கே உறைக்கப்போகிறது?

இந்தப் பதிப்புக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம், அதுவும் மன்னாருக்காக. எஃப். பி. வால்டரின் முழு மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் மின்னூல் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அச்சில்தான் வேண்டுமென்றால் வால்டரும் மில்லரும் சேர்ந்து குறிப்புகளோடு கொண்டுவந்த 1993 பதிப்பைத் தேடுங்கள். கடையில் நிற்கும்போது சந்தேகம் வந்தால் நெப்ராஸ்கா வரியைப் புரட்டிப் பாருங்கள், போதும்.